காண்டிகையோ, விருத்தியோ? முதலாண்டு மூலக்கூற்று உயிரியலிற் பாடந் தெரிதல்

கல்லூரியிற் புதிதாகப் புகும் மாணாக்கர் பலர்க்குப் பாடங்களைக் கற்பதினும், அவற்றுள் இன்னதைக் கற்பேமெனத் துணிவது அரிதாயிருக்கின்றது. உயிரியல் பயிலப் புகுவார்க்கு இவ்வருமை இக்காலத்தே மிகுந்து தோன்றுகின்றது. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முதலாண்டு மூலக்கூற்று உயிரியல் பொதுநிலை, உயர்நிலை என இரு கூறாக வகுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். இரண்டனுள் எதனை மேற்கொள்ளுதல் தக்கதென்பது பற்றித் தமிழ் பயிலும் யாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஒரு நூலுக்கு இருவகை உரை வகுத்துப் பயின்ற மரபு நமது மொழிக்கு உரியதாதலின், இதன்கண் யாமும் ஒரு சொல் கூற உரிமையுடையேம் என்று கருதுகின்றோம்.

1850-இல் நிறுவப்பெற்ற சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சான்றாகக் கொள்வோம். அங்கே முதலாண்டு உயிரியற் பாடம் ஒரே பொருளின்மேல் இரு நிலைகளாகக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. இரண்டற்கும் பொதுவான கட்டமைப்பு ஒன்றே. உயர்நிலையிற் பொருள் ஆழமாக ஆராயப்படும்; செய்முறைப் பயிற்சியிலும் சில பகுதிகள் வேறுபடும். பள்ளியிறுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்க்கே உயர்நிலையில் இடம் உண்டு. ஆகவே தகுதி பெற்ற மாணாக்கன் முன்னே இரண்டு வாயில்கள் திறந்து நிற்கின்றன. எதனுட் புகுவது?

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக வகுக்கின்றது. கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்னும் ஐந்தையும் கொண்டு சூத்திரத்தின் பொருளைச் சுருங்க விளக்குவது காண்டிகை. அவ்வைந்தையும் தன்னகத்தே கொண்டு, ஐயம் அகலுமாறு வேண்டுவன யாவும் விரித்துரைப்பது விருத்தி. காண்டிகை கற்றான் பிழை கற்றானல்லன். விருத்தி கற்றான் வேறு நூல் கற்றானுமல்லன். சூத்திரம் ஒன்றே, அதனிடம் கேட்கப்படும் வினாக்கள் மிகுதியும் குறைவுமாம். பொதுநிலைப் பாடத்திற்கும் உயர்நிலைப் பாடத்திற்கும் உள்ள வேற்றுமையும் இத்தகையதே என்பது எமது துணிபு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு இரண்டு இழைகள் முறுக்குண்டு அமைந்ததென்று வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டனர். அது பெருகுங்கால் இழைகள் பிரிந்து, ஒவ்வொரு பழைய இழைக்கும் ஒரு புதிய இழை துணையாக அமைகின்றது என்பது பொதுநிலை மாணாக்கன் கற்கும் செய்தி. அச்செய்தி மெய்யே, தேர்வுக்கும் போதியதே. உயர்நிலை மாணாக்கனோ, 'அஃது அங்ஙனமென்பது எவ்வாறு அறியப்பட்டது?' என்று வினவக் கடமைப்பட்டவன். அவனுக்கு 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் வெளியிட்ட சோதனை கற்பிக்கப்படும். அவர்கள் பாக்டீரியாக்களைக் கனமான நைட்ரஜனிற் பல தலைமுறை வளர்த்துப் பின்பு இயல்பான நைட்ரஜனுக்கு மாற்றினர், அவற்றின் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடுக் கரைசலில் இட்டு, மையவிலக்குக் கருவியில் மிக விரைவாகச் சுழற்றி, கனத்தின்படி பிரியச் செய்தனர். ஒரு தலைமுறை கடந்தபின் கனத்திற்கும் இலேசுக்கும் இடைப்பட்ட ஒரே பட்டை தோன்றிற்று. பழைய இரட்டையிழை பிரியாது நிற்பின் கனமான பட்டை ஒன்றும் இலேசான பட்டை ஒன்றும் தோன்றியிருத்தல் வேண்டும்; ஆகவே அக்கொள்கை வீழ்ந்தது. இரண்டாந் தலைமுறையில் இடைப்பட்ட பட்டையும் இலேசான பட்டையும் ஒத்த அளவிற் காணப்பட்டன. பழையதும் புதியதும் எல்லா இழைகளிலும் துண்டு துண்டாய்க் கலந்திருப்பின் இரு பட்டைகள் தோன்றா. ஆகவே அக்கொள்கையும் வீழ்ந்தது. எஞ்சியது ஒன்றே உண்மையாயிற்று.

இச்சோதனையைப் படிக்கும்போது, 'இது தேர்வில் வருமா?' என்னும் எண்ணம் எழுகின்றவர்க்கும், 'இவர்கள் இதனை எங்ஙனம் எண்ணினர்!' என்னும் வியப்பு எழுகின்றவர்க்கும் உரிய வாயில்கள் வெவ்வேறாம். தெரிவு செய்வதற்கு இதனினும் நேரிய அளவுகோலை யாம் அறியோம்.

ஆயினும் மாணாக்கர் பெரும்பாலும் இவ்வளவுகோலைக் கொள்வதில்லை. சிலர் பெருமை கருதி உயர்நிலையை நாடுகின்றனர். 'உயர்' என்னும் அடைமொழி பெற்றோர்க்கும் உற்றார்க்கும் இனிதாய் ஒலிக்கின்றது. பள்ளியில் உயிரியலும் வேதியியலும் செவ்வனே பயிலாமல் அவ்வொலியின் பின்னே செல்பவர், முதற்பருவம் முடியுமுன்னே அறிவியலையே வெறுக்கத் தலைப்படுதல் கூடும். வேறு சிலர் அச்சத்தால் பொதுநிலையை நாடுகின்றனர். உயர்நிலையில் மதிப்பெண் குறையின் மருத்துவம் முதலிய துறைகளிற் பின்னர் இடம் பெறுதல் அரிதாகுமே என்பது அவர் கவலை. இக்கவலையை யாம் எள்ளோம்; கட்டணக்கடன் சுமந்து கற்கும் மாணாக்கனுக்கு மதிப்பெண் வெறும் எண்ணன்று. எனினும் வினவும் ஆற்றலுடையான் ஒருவன் அச்சங் காரணமாக வினவாத வகுப்பில் அமர்ந்து ஓராண்டைக் கழிப்பானாயின், அவன் இழப்பது எந்தச் சான்றிதழிலும் பதிவாகாத ஓர் இழப்பாகும்.

பொதுநிலையிற் சேர்வது தாழ்வென்று எண்ணுவார்க்கு ஒரு சான்று கூறுவாம். 1952-இற் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் இயற்பியல் பயின்று, 1976-இல் அமெரிக்க ஒகையோப் பல்கலைக்கழகத்தில் அத்துறையிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின், தம் மனம் உயிரியலில் நாட்டங்கொண்டமையால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோக் கல்விநிலையத்தில் மீண்டும் ஒரு மாணாக்கராகச் சேர்ந்து அதனை அடிப்படையிலிருந்து கற்றார். புரதங்களை ஆக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009-இல் வேதியியல் நோபெல் பரிசை ஸ்டைட்ஸ், அடா யோனாத் என்பவரோடு பகிர்ந்து பெற்றவர் இவரே. டாக்டர் ஒருவர் அடிப்படை வகுப்பில் அமர நாணவில்லை. பதினெட்டு வயதினர் நாணுவதற்கு யாது காரணம்?

எனவே எமது கருத்து இது. பள்ளியில் உயிரியலைப் பயிலாதவரும், பாடத்தின் கலைச்சொற்களை இப்பொழுதே முதன்முறை கேட்பவரும் பொதுநிலையை மனவமைதியோடு மேற்கொள்க. அடிப்படை வலிதாயின் ஆழம் பின்னர்த் தானே வரும். பயிற்சியும் வினவும் விருப்பமும் உடையார் உயர்நிலையிற் புகுக. மதிப்பெண் சிறிது குறையினும் கற்ற முறை குறையாது. ஐயுறுவார், தொடக்க வாரங்களுள்ளேயே ஆசிரியரை அணுகிக் கேட்டு, இரண்டு பாடங்களின் செய்முறைக் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்க. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பருவந்தோறும் குறிக்கப்படும் ஒரு நாளுக்கு முன்னர்ப் பாடத்தினின்று விலகுவோர்க்கு அதற்குரிய கட்டணக்கடன் சேர்வதில்லை. அந்நாள் கடக்குமளவும் வாளாவிருந்து பின்பு வருந்துதல் அறிவுடைமையாகாது.

ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. காண்டிகையுரையிலும் வினாவும் விடையும் உறுப்புகளாக வைக்கப்பட்டுள்ளன. விருத்திக்கு உரியது விரிவு. வினா இரண்டற்கும் பொது. அவ்வாறே பொதுநிலை வகுப்பிலும் பருவத்திற்கு ஒரு சோதனையையேனும், அஃது அறியப்பட்ட வரலாற்றோடு கற்பித்தல் வேண்டும். 'எவ்வாறு அறிந்தோம்?' என்னும் கேள்வியை உயர்நிலை மாணாக்கர்க்கே உரியதாக்கி, ஏனையோர்க்கு விடைகளை மட்டும் வழங்கும் கல்வி, ஒரே கல்லூரியுள் அறிவுடையார், மனனஞ் செய்வார் என இரு குலங்களை உண்டாக்கிவிடும். அவ்விழுக்கு நேராதவாறு காத்தல், பாடந் தெரியும் மாணாக்கரினும் பாடம் வகுக்கும் பெரியோர் கையிலேயே உள்ளது.