நோயாளியின் கையில் தூரிகை

சேர்வராயன் மலையின் குளிர்காற்று தேகத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையிலேதான் வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டில் பங்களாக்கள் கட்டினார்கள். ஏரியின் உபரி நீர் வீழும் கிளியூர் அருவியைக் காண இன்று இறங்கிப் போகிறவர்களும் மனப்பாரம் குறைந்து திரும்புவதாகவே சொல்கிறார்கள். நல்ல காற்றும் காட்சியும் ஆறுதல் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் தீராத துக்கமும் உண்டென்பதையும், தன் கையால் ஒன்றைச் சிருஷ்டிக்கும்போது அது இளகக்கூடும் என்பதையும் நம் வைத்தியசாலைகள் இன்னும் முழுமனத்தோடு ஏற்கவில்லை.

முதல் உலக யுத்தத்தின் களங்களை வரைந்த ஆங்கில ஓவியர் அட்ரியன் ஹில், 1938-இல் க்ஷயரோகத்துக்காக மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் இருந்தார். சுத்தமான காற்றும் நீண்ட ஓய்வுமே அந்நாளில் அந்நோய்க்குப் பிரதான சிகிச்சை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் நம் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் அவ்வழியில் வந்ததே. உடல் ஓய்ந்து கிடக்க உள்ளம் சோர்ந்துபோகும் அந்த மாதங்களில், ஹில் படுக்கையிலிருந்தபடியே வரைந்தார்; பின்னர் சக நோயாளிகளுக்கும் காயமுற்ற சிப்பாய்களுக்கும் கற்பித்தார்; 1942-இல் அதற்குக் கலைச் சிகிச்சை என்ற பெயரையும் இட்டார். 1946-இல் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கிய எட்வர்ட் ஆடம்சனோ, நோயாளிகளின் சித்திரங்களுக்கு வியாக்கியானம் சொல்வதைத் தவிர்த்து, வரைவதற்கு இடமும் வர்ணமும் அமைதியும் அளித்தார். சித்திரத்தை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப்போல் வாசிக்க விரையும் இக்காலத்தவர், அந்த நிதானத்தை அவசியம் கற்கவேண்டும்.

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. செங்கற்பட்டுக்கு அருகே, தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் வாழும் பாரதபுரத்தில், ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் பத்மா வெங்கட்ராமனும் 2005-இல் பிந்து ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். நரம்பு மரத்து, விரல்கள் குறைந்து, ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டு முதுமை எய்தியவர்கள் அங்கே தூரிகை பிடித்தார்கள். அவர்கள் தீட்டியவை கண்காட்சிகளில் இடம்பெற்று விலையும் போயின. மருந்து அவர்கள் உடலிலிருந்து கிருமியை அகற்றிவிட்டது. ஆனால், மருந்தால் திருப்பித் தர இயலாத சுயமரியாதையைத் தந்தது அவர்கள் செய்த காரியமே. அதைத் தருமம் என்று அழைப்பது அவர்கள் உழைப்பை அவமதிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால், நம் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் நீண்டகால நோயாளிகளின் வார்டுகளிலும் சித்திரக்கூடம் ஒன்று சிகிச்சையின் அங்கமாகவே அமைய வேண்டும். எப்போதோ வரும் தொண்டரின் தயவை நம்பி அது நடக்கலாகாது. சென்னை ஓவியக் கல்லூரியை 1850-இல் தோற்றுவித்த அலெக்சாண்டர் ஹண்டரே ஒரு சர்ஜன்தான். அக்கல்லூரியிலும் கும்பகோணத்திலும் பயின்று வெளிவரும் இளைஞர்களுக்கு நோயாளிகளோடு பழகும் முறையில் தக்க பயிற்சியளித்து, மாதச் சம்பளத்தோடு நியமிப்பதைச் சுகாதார இலாகா சேலம் அரசு மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம்.