அபராதம் தாகம் தீர்க்காது

பருவமழை பொய்த்ததால், 2023-ல் கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதன் கடுமையை 2024 மார்ச்சில் பெங்களூரு உணர்ந்தது. கார் கழுவவும், தோட்டத்துக்கும், கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் ரூ. 5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது.

ஆணையில் தவறில்லை. ஆனால், குழாய் இணைப்பே இன்றி, லாரித் தண்ணீரை விலைகொடுத்து வாங்கிய புறநகர்வாசிகளிடம் விரயம் செய்ய என்ன இருந்தது? 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையாவே அப்போது தெரிவித்தார். ஏரிகளை மனைகளாக்கி, நிலத்தடி நீரைக் கணக்கின்றி உறிஞ்ச அனுமதித்ததன் விளைவு அது.

2024 அக்டோபரில், புறநகரின் 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும், 2025 பிப்ரவரியில் அதே தடையும் அதே அபராதமும் மீண்டும் அறிவிக்கப்பட்டன. மழை பொய்த்தால் காவிரியும் கைகொடுக்காது என்பதை மறந்துவிடலாகாது.

குடிமக்களின் வாளியைக் கண்காணிக்கும் அரசு, தனியார் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் டேங்கர் லாரிகளுக்கும் முதலில் கணக்குக் கேட்க வேண்டும். ஏரிகளை மீட்கும் பணியைக் கோடையில் பேசிப் பயனில்லை. மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று கூறி மத்திய அரசும் ஒதுங்கி நிற்கலாகாது.