வறுப்பது வேறு, பொரிப்பது வேறு

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு மொழிகள் ஒரே அடுப்பில் ஏறுகின்றன. எண்ணெயில் பொரிப்பதற்குக் கன்னடத்தில் ‘கரி’ என்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த மாமியார் காதில் அது விழுந்தால், அப்பளம் கருகிவிட்டதோ என்று பதறுவார்! நம் ‘பொரி’யோ அங்கே ‘ஹுரி’யாகி வறுப்பதைக் குறிக்கிறது. கடைகளில் ‘கடலேபுரி’ என்று விற்பது அரிசிப் பொரிதான்.

தமிழ் இதில் கறார். வறுக்க எண்ணெயே வேண்டாம். சூடான மணலில் வறுபடும் கடலையே சாட்சி. அப்பளத்தைப் பொரிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம். வடை மட்டும் எண்ணெயில் முங்கி எழுந்தாலும் அதைச் ‘சுடுகிறோம்’. தண்ணீர்ப் பக்கமும் அப்படித்தான்: இட்லியை அவிக்கிறோம், பாலைக் காய்ச்சுகிறோம், பருப்பை வேகவைக்கிறோம், ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிறோம்.

இத்தனையையும் ‘ஃப்ரை’, ‘பாயில்’ என்ற இரண்டு சொற்களில் அடைப்பது சோம்பேறித்தனம். மெனுவில் ‘ஃப்ரை’ என்றிருந்தால் தட்டில் வரப்போவது வறுவலா, வதக்கலா? (பொரியலே பல வீடுகளில் பொரிவதில்லை என்பது தனிக்கதை.)

சூடும் வேறு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது. பொரிக்கும் எண்ணெய் 180ஐத் தொடும். அதனால்தான் நீரில் வெந்த உருளைக்கிழங்கு வெளுத்துக் கிடக்க, எண்ணெயில் விழுந்தது பொன்னிறமாகிறது.

பேச்சிலும் இந்தக் கணக்கு தப்புவதில்லை. கோபத்தில் ஒருவர் பொரிந்து தள்ளுகிறார், பொறாமையில் இன்னொருவர் புழுங்குகிறார். மேலதிகாரி வறுத்தெடுத்தார் என்பார்கள். அவித்தெடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை.