கோட்டையைப் பார்த்தீர்கள், ஊரைப் பார்த்தீர்களா?

அண்மையில் ஜப்பான் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், ஏழு நாட்களில் ஆறு கோட்டைகளைப் பார்த்து முடித்ததாகப் பெருமையுடன் கூறினார். அந்த ஆறு ஊர்களில் எதிலாவது ஓர் இரவு தங்கினீர்களா என்று கேட்டேன். "கோட்டையை மாலையில் மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு அங்கே என்ன இருக்கிறது?" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன். அவரைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

நண்பரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் புகையிரத அனுமதிச்சீட்டின் சாதாரண வகுப்பு விலை 2023 ஒக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. இவ்வளவு கொடுத்த பின் ஓடித் தீர்க்காவிட்டால் நட்டம் என்று மனம் கணக்குப் போடுகிறது. காலையில் ஒரு கோட்டை, மாலையில் இன்னொன்று, இடையில் அதிவேகப் புகையிரதம். நிலையத்துக்கும் கோட்டைக்கும் இடையிலுள்ள ஊர், கடந்து செல்லும் பாதையாகிவிடுகிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்த ஊரைத்தான். ஜப்பானியர் அதனை 'ஜோகாமாச்சி' என்பர். கோட்டையின் கீழுள்ள நகரம் என்று பொருள். பிரபுவின் கோட்டை, அதனைச் சூழ்ந்த அகழி, சாமுராய்களின் தெருக்கள், வணிகரின் தெருக்கள் யாவும் சேர்ந்தே அது ஒரு நகரமாகிறது. எதிரி விரைந்து நுழையாதிருக்க வீதிகளை வேண்டுமென்றே முடக்கி முடக்கி அமைத்தார்கள். விரைந்து வருபவனைத் தடுக்கவென்று கட்டிய ஊரை நாம் மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கப் புறப்படுகிறோம்!

ஜப்பானியக் கடலோரப் பக்கமாக, ஷின்ஜி ஏரிக்கரையில் உள்ள மட்சுயே நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு ஷின்கன்சென் செல்வதில்லை. ஒக்கயாமாவில் இறங்கி, மலைகளினூடாக வளைந்து செல்லும் யக்குமோ புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் செல்ல வேண்டும். அல்லது டோக்கியோவில் இரவு புறப்படும் சன்ரைஸ் இசுமோ படுக்கைப் புகையிரதத்தில் உறங்கி, மறுநாட் காலையில் இறங்கலாம். 1890இல் இவ்வூருக்கு ஆங்கில ஆசிரியராக வந்த லஃப்காடியோ ஹேர்ன், மலைகளைக் கடக்க மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் நான்கு நாட்கள் பயணம் செய்தார். அமெரிக்காவில் பத்திரிகை நிருபராக இருந்தவர் அவர். ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே அங்கு வாழ்ந்தார். அவ்வூரைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன. மூன்று மணி நேரத்தில் திரும்பியிருந்தால் எதை எழுதியிருப்பார்?

1611இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோட்டைக்கு 1875இல் முடிவு நெருங்கியது. மெய்ஜி அரசு 1873இல் கோட்டைகளை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்திருந்தது. ஏனைய கட்டடங்கள் ஏலத்தில் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. நடுக் கோபுரத்தின் விலை 180 யென். உள்ளூர்ச் செல்வந்த விவசாயி ஒருவரும் முன்னாள் சாமுராய் ஒருவரும் அத்தொகையைத் திரட்டிச் செலுத்தி அதனைக் காப்பாற்றினார்கள். பழைய மரக்கோபுரத்துடன் நாடு முழுவதிலும் இன்று எஞ்சியுள்ள கோட்டைகள் பன்னிரண்டே. அவற்றுள் ஒன்று இது.

1950இல் சட்டம் மாறியபோது 'தேசியப் பொக்கிஷம்' என்ற தகுதியை இக்கோபுரம் இழந்தது. ஊரவர் விடவில்லை. 2012இல் கோட்டை வளவிலுள்ள மட்சுயே ஆலயத்தில் 1611ஆம் ஆண்டைக் குறிக்கும் பிரார்த்தனைப் பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் ஆணித் துளைகள் கோபுரத்தின் தூண்களிலிருந்த துளைகளுடன் பொருந்தின. 2015இல் தகுதி திரும்பக் கிடைத்தது. ஒரு கோட்டையை இரண்டு தடவை மீட்ட ஊர் இது. நுழைவுச்சீட்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடுபவர்கள், அதனை மீட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் விடுதிக்கோ உணவகத்துக்கோ எதனையும் விட்டுச் செல்வதில்லை.

தங்கினால் என்ன கிடைக்கும்? ஏரியில் சூரியன் மறைவதைக் காணலாம். பகற்பயணி அந்நேரம் நிலையத்தில் நிற்பார். காலையில் அந்த ஏரியின் சிறு சிப்பிகள் இட்ட சூப் அருந்தலாம். தேநீர்க் கலையில் பெயர்பெற்ற மட்சுதைரா ஃபுமாய் பிரபு ஆண்ட ஊராகையால், கடும் பச்சைத் தேநீரும் இனிப்பும் அங்கு அன்றாட வழக்கம். அகழியைப் படகில் சுற்றிவர ஐம்பது நிமிடம் ஆகும். தாழ்ந்த பாலங்களின் கீழ் படகின் கூரை இறங்கும். எல்லோரும் தலை குனிய வேண்டும். நானும் குனிந்தேன்.

விடுமுறை குறைவு, பணமும் குறைவு என்பார்கள். அது நியாயமே. அப்படியானால் இரவுகளைக் குறைக்காதீர்கள், ஊர்களைக் குறையுங்கள். ஆறு கோட்டைகளுக்குப் பதில் இரண்டு போதும். ஏழு நாட் சீட்டை விட்டுத் தனித்தனிச் சீட்டு வாங்கினால் செலவும் பெரும்பாலும் குறையும். சன்ரைஸ் வண்டியில், படுக்கைக் கட்டணமின்றி விரிப்பின் மீது படுத்துச் செல்லும் இடங்களும் உண்டு.

நண்பரிடம் ஆறு கோட்டைகளின் படங்கள் இருக்கின்றன. எது எந்த ஊர் என்று கேட்டேன். இரண்டை மாற்றிச் சொன்னார்.