கமலையைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய உழவர் வீட்டையும் பார்க்கலாம். நல்ல காரியம்தான். ஆனால், நெல்லைச் சீமைக்காரனான எனக்கு ஓர் ஆதங்கம்: காளை பூட்டிக் கிணற்றுநீர் எடுக்கும் எங்கள் பக்கத்துக் கமலையை இறைத்துக் காட்ட எங்கே ஏற்பாடு? காளைகள் சரிவில் இறங்க, நீர் மொண்ட இரும்புச் சால் மேலே ஏறும். வால்கயிறு தோல் தும்பியை இழுக்க, தண்ணீர் தொட்டியில் கொட்டும். பம்புசெட் வந்ததும் சால் பழைய இரும்புக்குப் போயிற்று. நெல் கொட்டி வைத்த குலுக்கையை உடைத்த இடத்தில் பீரோ நிற்கிறது.

பொருளைப் பூட்டி வைத்தால் பொருள் மிஞ்சும், வித்தை மிஞ்சாது. கமலை இறைத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊராட்சிதோறும் ஒரு பழைய தொழுவத்தையும் கிணற்றையும் ஒதுக்கி, அவர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு இறைத்துக் காட்ட வேண்டும். அடுத்த கிராமசபையிலேயே கேளுங்கள்.