துண்டுக்கோடு எங்கே போச்சு?

கணக்குப் போட ஆக்டேவ், படம் வரைய க்னூப்ளாட். ஆய்வகங்களில் வெகுகாலம் ஓடிய ஜோடி இது. ஆக்டேவின் 1.0 பதிப்பு 1994இல் வந்தது. க்னூப்ளாட் 1986இலேயே பிறந்துவிட்டது. பெயரைப் பார்த்து அதைக் குனு திட்டத்தின் வாரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, உறவே கிடையாது.

2015இல் க்னூப்ளாட் 5 வந்ததும் குடித்தனத்தில் ஒரு சிக்கல். சிவப்புத் துண்டுக்கோடு கேட்டால் சிவப்பு வரும், துண்டு வராது. திரையில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஆய்வேட்டைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால்தான் வினை: எது கோட்பாடு, எது சோதனை என்று வழிகாட்டிக்கே தெரியாது.

பழைய க்னூப்ளாட்டில் ‘லைன்டைப்’ என்ற ஒரே எண்ணுக்குள் நிறமும் கோட்டின் வடிவும் சேர்ந்திருந்தன. ஆக்டேவ் அந்த எண்ணை அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் தனியாகவும் சொல்லிவிடும். ஐந்தாம் பதிப்பில் வடிவம் பிரிந்து ‘டேஷ்டைப்’ என்று தனிக்கட்டளையாகிவிட்டது. எண்ணை மட்டும் அனுப்பினால் முழுக்கோடுதான். பிற்பாடு வந்த ஆக்டேவ், எதிரில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டது. ஆக, மாட்டிக்கொள்கிறவர்கள் பழைய ஆக்டேவையும் புதிய க்னூப்ளாட்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள். கல்லூரி சர்வர்களில் இது சகஜம். அங்கே எதையும் புதுப்பிக்க நமக்கு அனுமதியும் இருக்காது.

இந்த இடத்தில் பலர் செய்வது, தங்கள் நிரலிலேயே மாற்றி மாற்றிப் பார்ப்பது. இரண்டு ஹைஃபன் போட்டுப் பார்ப்பார்கள், மேற்கோள்குறியை மாற்றுவார்கள், கோட்டைத் தடியாக்குவார்கள். வீண் வேலை. ஆக்டேவை மூடிவிட்டு க்னூப்ளாட்டைத் தனியாகத் திறந்து ‘டெஸ்ட்’ என்று தட்டுங்கள். அதற்குத் தெரிந்த கோடுகள், புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டிவிடும். துண்டுக்கோடு அங்கே இருந்தால் க்னூப்ளாட் நிரபராதி.

அடுத்து, இரண்டுக்கும் நடுவில் போகும் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஆக்டேவின் ‘ட்ராநவ்’ கட்டளையில் டெர்மினல், படக்கோப்பு இவற்றுக்குப் பின் கடைசியாக ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், க்னூப்ளாட்டுக்குப் போகும் அத்தனை கட்டளைகளும் அதில் பதிவாகும். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ‘ஸ்டைல் லைன்’ என்ற இடத்தைத் தேடி, பக்கத்தில் டேஷ்டைப் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கையேட்டில் விளக்கமில்லாமல் கிடக்கும் இந்த வசதியைக் கல்லூரிப் பட்டறைகளில் முதல் நாளே காட்டலாம்.

இன்னொரு வம்பு, டெர்மினல். க்னூப்ளாட்டில் அது படம் வெளிவரும் வடிவத்தின் பெயர்: திரை, பிஎன்ஜி, பிடிஎஃப். ஒவ்வொன்றுக்கும் கோட்டின் தடிமனும் துண்டின் நீளமும் வேறு வேறு. திரையில் தெரிந்த துண்டு பிடிஎஃப்பிலும் அப்படியே தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் எந்த வடிவத்தில் அச்சுக்குப் போகிறதோ, அதிலேயே டெஸ்ட் செய்யுங்கள்.

ஆக்டேவின் வரைகருவியை க்யூட்டிக்கு மாற்றினால் க்னூப்ளாட்டின் தயவே வேண்டாம் என்பார்கள். சொந்தக் கணினியில் சரி. திரையே இல்லாத தொலைதூர சர்வரில் எனக்கு இன்னும் க்னூப்ளாட்தான் தோது. அதில் ‘டம்ப்’ என்றொரு டெர்மினல்கூட உண்டு. வெறும் தட்டச்சு எழுத்துகளாலேயே வரைபடம் போடும், கோட்டுக்குக் கோடு எழுத்தையும் மாற்றிவிடும். துண்டு தொலையும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.