பணம் போயிடுச்சு, ஆர்டர் எங்கே?

அக்கவுன்ட்டில் பணம் கழிந்துவிட்டது. ஷாப்பிங் ஆப்பில் இன்னும் ‘பெண்டிங்’. ‘பணம் வந்தாச்சு’ என்று பேமென்ட் தளம் அனுப்பிய தகவல், கடையின் சர்வருக்குப் போய்ச் சேராததும் இதற்கு ஒரு காரணம்.

கடை ஓர் இணைய முகவரி கொடுக்கும், தளம் அங்கே தகவலைத் தள்ளும். இதுதான் வெப்ஹுக். ஜெஃப் லிண்ட்சே 2007-ல் வைத்த பெயர். சரி, அந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டால்? ஸ்ட்ரைப் 3 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். எல்லாத் தளங்களும் இப்படி மெனக்கெடும் என்று நம்ப முடியாது.

இங்கேதான் ‘அவுட்போஸ்ட்’ கவனிக்க வைக்கிறது. ஹுக்டெக் நிறுவனம் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது, அபாச்சி 2.0 உரிமம். எந்தத் தளமும் இலவசமாக எடுத்து, சொந்த சர்வரிலேயே ஓட்டலாம். தகவல் எங்கே வர வேண்டும் என்பதைக் கடையே தேர்ந்தெடுக்கும். வெப்ஹுக் வேண்டாமா? ராபிட்எம்க்யூ, அமேசான் எஸ்க்யூஎஸ் இருக்கின்றன. இவை க்யூ, அதாவது வரிசை. கடையின் சர்வர் தூங்கினாலும் தகவல் வரிசையில் காத்திருக்கும். ஒரே தகவல் இரண்டு முறை வரவும் வாய்ப்புண்டு. ஐடியைப் பார்த்து வடிகட்டுவது கடையின் பொறுப்பு.

இவ்வளவு அடிப்படையான வசதி, அதுவும் கோடு இலவசமாகக் கிடைக்கும்போது, காசு கூடுதலாகக் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று எந்தத் தளமும் பூட்டி வைப்பது நியாயமில்லை.